இந்தியாவும் சித்தப்பாவும் மோதிய அன்று

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் ஒரு சொல் கூடாமல் குறையாமல் திருப்பிச் சொல்லிவிடுவேன். இப்போது பல் போய்விட்டது, நேற்று என்ன குழம்பு என்பதுகூட மறந்துபோகிறது. ஆனால் ஒன்பது வயதில் காதில் விழுந்ததெல்லாம் விழுந்தபடியே கிடக்கிறது. கான்வெண்டில் இதற்காக எனக்குப் படம் போட்ட அட்டை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். வீட்டில் ஒரு வேலையே கொடுத்தார்கள்.

கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. அப்பாவும் அவருடைய தம்பியான சித்தப்பாவும் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு ஒன்பது நாள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. இவர் சொல்வதை அவரிடமும், அவர் சொல்வதை இவரிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் வேலை. சண்டைக்குக் காரணம் சொத்தா, பெண்ணா என்று கேட்காதீர்கள். காரணம் இந்தியா.

அப்பா இருபது வயதில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட, ஐந்து வயதுத் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ரயில்வே ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு ஊர்ப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் வாய் மட்டும் ஊரை விட்டு நகரவே இல்லை. இங்கே பாசாரில் மாம்பழம் வாங்கி வந்தால் அது மாம்பழம் இல்லை. இங்கே பெய்வது மழை இல்லை, யாரோ வாளியைக் கவிழ்க்கிறார்கள். எதற்கும் "நம்ம நாட்டுல" என்று ஒன்று வைத்திருப்பார். சித்தப்பாவுக்கோ அந்த நாட்டைப் பற்றி ஒரே ஒரு ஞாபகம்தான் உண்டு. கப்பலில் வாந்தி எடுத்தது. "அதுவும் நடுக்கடல் பாப்பா, இந்தியா கணக்குல வராது" என்பார்.

சித்தப்பாவுக்குச் செந்தூலில் ரயில்வே பட்டறையில் வேலை. பட்டறைச் சங்கு ஊதியதும் பந்துதான். கோல் கீப்பராக நிற்பார். வளர்த்தியான ஆள், உள்ளங்கை ஒவ்வொன்றும் முறம் மாதிரி இருக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அப்பா கூடப் போவார். ஆட்டம் தொடங்குவதற்கு முன் சித்தப்பா கல்யாண மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி அப்பாவிடம் கொடுப்பார். அப்பா அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடுவார். நின்றுகொண்டு சும்மா இருப்பாரா? "இடது பக்கம்டா! தூங்குறியா?" என்று தொண்டை கிழியத் திட்டுவார். திட்டு விழுந்தால்தான் கை நீள்கிறது என்பார் சித்தப்பா.

அந்த வருடம் இந்தியாவிலிருந்து ஒரு பந்தாட்டக் குழு கப்பலில் வந்து இறங்கியது. முப்பதுகளின் நடுவில் ஒரு வருடம். சிங்கப்பூரில் ஜெயித்தார்கள், மலாக்காவில் ஜெயித்தார்கள், சிரம்பானில் ஜெயித்தார்கள். அதுவும் எப்படி? வெறுங்காலில். கணுக்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரனுக்குத் தண்ணி காட்டினார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் பக்கத்து ஆட்கள் நடையே மாறிப்போனது. ஆபீசில் துரைக்கு முன்னால் குனிந்து நிற்கிறவர்கள்கூட அந்த வாரம் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்கள் என்று அப்பா சொன்னார். குழு கோலாலம்பூருக்கு வரும்போது வரவேற்க ஒரு கமிட்டி போட்டார்கள். அப்பா அதில் செயலாளர். மாலைக்குப் பூ, பந்தலுக்கு ஆள், விருந்துக்கு அரிசி என்று மனிதருக்குக் கால் தரையில் படவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் எதிரணியின் பட்டியல் வெளியானது. இங்குள்ள வெள்ளைக்காரர், சீனர், மலாய்க்காரர் எல்லோரிலும் பொறுக்கி எடுத்த பதினோரு பேர். அதில் ஒரே ஒரு தமிழர், கோல் கீப்பர். எங்கள் சித்தப்பா.

"காய்ச்சல்னு எழுதிக் கொடுத்துடு" என்றார் அப்பா, சாப்பிட்டுக்கொண்டே.

"எனக்கு நல்லாத்தானே இருக்கு."

"எதிர்ல வர்றது யாரு தெரியுமாடா? நம்ம பிள்ளைங்க."

"அப்ப நான் யாருண்ணே?"

அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அன்றோடு பேச்சு நின்றது. மறுநாள் காலை குளிக்கும் அறைக்கு வெளியே நின்றுகொண்டு அப்பா என்னைக் கூப்பிட்டார். "உள்ள இருக்கிறவன்கிட்டச் சொல்லு, ஆபீசுக்கு நேரமாகுதுன்னு." நான் கதவைத் தட்டி, உள்ள இருக்கிறவனே, ஆபீசுக்கு நேரமாகுதாம் என்றேன். இப்படித்தான் என் உத்தியோகம் ஆரம்பமானது.

எனக்குத் தம்பி பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அம்மா உள்ளறையில் பிரசவக் காய மருந்து தின்றுகொண்டு, "ரெண்டும் ரெண்டு எருமை" என்று படுத்தபடியே தீர்ப்புச் சொல்லுவாள். வீட்டை நடத்தியது சித்தி, அதாவது சித்தப்பாவின் மனைவி. சித்தி கிள்ளானில் பிறந்தவள். அவளுக்கு ஊர் என்றால் கிள்ளான்தான். கல்யாணமாகி இரண்டு வருடம். எங்கள் வழக்கத்தில் புருஷனின் அண்ணன் மூத்தார். அவர் முன்னால் தம்பி மனைவி நிற்கவும் மாட்டாள், நேருக்கு நேர் பேசவும் மாட்டாள். அதனால் சித்திக்கும் அப்பாவுக்கும் நடுவில் வார்த்தை கொண்டுபோவது ஏற்கெனவே என் வேலைதான். இப்போது இரட்டை வேலை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

சித்திக்கு என் பெருமை பிடிக்கவில்லை. நடையில் என்னை மறித்துக்கொண்டு, "என்ன சொல்லி அனுப்பினாரு?" என்பாள். நான் சொல்வேன். அவள் அதில் இரண்டு சொல்லைக் கிள்ளி எடுத்துவிட்டு, "இதை மட்டும் போய்ச் சொல்லு" என்பாள். ஒருநாள் அப்பா சொல்லி அனுப்பியது இது: "அந்த நன்றி கெட்டவன்கிட்டச் சொல்லு, வர்ற சனிக்கிழமை வீட்டுல இருக்கிற எல்லாரும் அந்தப் பக்கம்தான் உக்காருவோம்னு." சித்தி நன்றி கெட்டவனை எடுத்துவிடச் சொன்னாள்.

"அப்பா சொன்னாரே" என்றேன்.

"சொன்னா? சொன்னதெல்லாம் கொண்டுபோய்க் கொட்டணுமா? நீ என்ன தபால்காரியா?"

நான் போய் முழுவதையும் ஒப்பித்தேன், ஒரு சொல் சிந்தாமல். சித்தப்பா வாயில் வைத்த கவளத்தை மெல்லாமலே விழுங்கினார். பிறகு தண்ணீர் குடித்தார். அடுக்களைக்குத் திரும்பியதும் சித்தி என் மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். உண்மை பேசியதற்குக் குட்டா என்று எனக்கு ஒரே அழுகை.

ஆட்டத்துக்கு முந்திய நாள் சாயங்காலம் சித்தப்பா வாசலில் உட்கார்ந்து பூட்ஸுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தோல் என்பதால் அது வீட்டுக்குள் வரக்கூடாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, பயமா சித்தப்பா என்று கேட்டேன்.

"பயம் இல்ல பாப்பா. ஒரே ஒரு ஆசைதான். அவங்க நல்லா ஆடணும். சிங்கப்பூர்ல ஆடின மாதிரி, அதுக்கு மேலயே ஆடணும். அப்படி ஆடி வர்ற பந்தை நான் நிறுத்தணும். ஒரு தடவை. அது போதும், சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருப்பேன்."

சித்தி கதவோரம் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சித்தப்பா மோதிரத்தையும் கடிகாரத்தையும் காட்டி, நாளைக்கு இதை நீ வைத்துக்கொள், கோலுக்குப் பின்னால் நிற்கிறாயா என்று கேட்டார். நிற்கிறேன் என்றேன்.

விருந்து சனிக்கிழமை மத்தியானம். ஆட்டம் ஐந்து மணிக்கு. பிரிக்பீல்ட்ஸில் சித்தியை அடிக்கிற சமையல் கிடையாது. அதனால் எதிரணிக்காரன் பெண்டாட்டி என்றாலும் கமிட்டி அவளைத்தான் கேட்டது. குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் பந்தல் போட்டு, கல் அடுப்பு மூட்டினார்கள். விடியற்காலையிலிருந்து சித்தி புகையில் நின்றாள். நெய்ச்சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, கோழி வறுவல், உருளைக்கிழங்கு மசால், அப்பளம், முந்திரி மிதக்கும் பாயசம். பத்துமலை முருகனுக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்திருந்தார்கள், மழை வந்தால் வெறுங்கால் வழுக்குமே என்று. வானம் வெளுத்துப்போய்க் கிடந்தது. எல்லோருக்கும் திருப்தி.

இந்தியா வந்து இறங்கியது. நான் பார்த்த வரையில் இந்தியா என்பது எண்ணெய் வைத்துத் தலை வாரிய பதினைந்து பதினாறு பையன்கள். கொஞ்சம் வெட்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அப்பாவுக்கு அவர்கள் மொழி தெரியாது. அதனால் என்ன? அப்பா ஒவ்வொருவர் கழுத்திலும் மாலை போட்டு, தோளைத் தட்டி, கண் கலங்கினார். அப்பா அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவர்களோடு மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் வந்திருந்தார், குழுவைப் பார்த்துக்கொள்பவர். அவர் நேரே அடுப்புப் பக்கம் வந்து, கான்வெண்ட் உடையில் நின்ற என்னிடம் இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார். பையன்கள் ஆட்டத்துக்கு முன் வயிறு நிறையச் சாப்பிடக்கூடாது, கொஞ்சம் தயிர்சோறு இருந்தால் போதும், மற்றதை ஆட்டம் முடிந்தபின் ஆசையாகச் சாப்பிடுவார்கள், உன் அம்மாவிடம் சொல்லு என்று. சித்தியைத்தான் என் அம்மா என்று நினைத்துக்கொண்டார். நான் ஒரு சொல் விடாமல் சித்தியிடம் சொன்னேன்.

சித்தி ஒரு நொடி யோசித்தாள். உடனே கறிக்குழம்பு அண்டாவைத் தட்டால் மூடினாள். "அப்பாகிட்டப் போய்ச் சொல்லு, இப்ப தயிர்சோறு மட்டும் போடுறேன், மத்தது ஆட்டம் முடிஞ்சு வந்ததும் சுடச்சுடன்னு."

ஓடினேன். அப்பா பந்தல் வாசலில் கமிட்டி ஆட்கள் நடுவில் நின்றார். கேட்டதும் சிரித்தார். "வந்தவங்க போதும்னுதான் சொல்லுவாங்க. யாராவது போடு போடுன்னு கேப்பாங்களா? நம்ம நாட்டுப் பிள்ளைங்க கடல் தாண்டி வந்திருக்கு, தயிர்சோறு போட்டு அனுப்பினா அங்க போய் நம்மளப் பத்தி என்ன பேசுவாங்க?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "கோல்ல நிக்கிறவன் பெண்டாட்டி பட்டினி போட்டு அனுப்பினான்னு பேர் வரும். எல்லாத்தையும் போடச் சொல்லு. கையைக் குறுக்க வச்சாலும் விடக்கூடாதுன்னு சொல்லு."

அதையும் அப்படியே கொண்டுபோனேன், தாழ்த்திச் சொன்னதை நானும் தாழ்த்தி. சித்தி அண்டாவைப் பார்த்தாள், அப்பா நின்ற பக்கம் பார்த்தாள். மூத்தாரிடம் போய் வாதாட முடியுமா? "என்னமோ போ லா" என்று கிள்ளான் பேச்சில் முணுமுணுத்துக்கொண்டு தட்டை எடுத்துவிட்டாள்.

பரிமாறிய நாலைந்து பேரில் நானும் ஒருத்தி. பாயசம் என் பொறுப்பு. பையன்கள் முதலில் தயங்கினார்கள், கண்ணாடிக்காரரைப் பார்த்தார்கள். ஆனால் ஒரு வாய் நெய்ச்சோறு உள்ளே போனதும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. கப்பல் சோறும் ஓட்டல் ரொட்டியும் தின்று நாக்குச் செத்த பிள்ளைகள். அப்பா ஒவ்வொரு இலையாக வந்து நின்று, இன்னும் வை, இன்னும் வை என்றார். கண்ணாடிக்காரர் இரண்டு தடவை எழுந்து என்னவோ சொல்லப் பார்த்தார். அவர் இலையிலும் ஒரு கரண்டி விழுந்தது.

திடலுக்குக் கிள்ளானிலிருந்தும் ரவாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் லோரி லோரியாக ஆட்கள் வந்திருந்தார்கள். அவ்வளவு தமிழர்களை ஒரே இடத்தில் தைப்பூசத்துக்குத்தான் பார்க்கலாம். திடலோரம் ஒரு கொடிக்கம்பம், அதில் வெள்ளைக்காரன் கொடி. இரண்டு பக்கத்துக்கும் அது ஒன்றுதான். சித்தப்பா என்னிடம் வந்து மோதிரத்தையும் கடிகாரத்தையும் கொடுத்தார். நான் கோலுக்குப் பின்னால் போகப் புறப்பட்டேன். அப்பா என் கையைப் பிடித்தார். கமிட்டிக்காரர்களுக்குப் போட்டிருந்த நாற்காலி வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தன் காலடியில் புல்லில் உட்காரவைத்தார். விசில் ஊதுவதற்கு முன் சித்தப்பா ஒருமுறை திரும்பிக் கோல் கம்பத்துக்குப் பின்னால் பார்த்தார். அங்கே புல் மட்டும் இருந்தது.

எனக்குப் பந்து தெரியாது. இந்தியா வேகமாக ஓடியதா மெதுவாக ஓடியதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பந்து திரும்பத் திரும்பச் சித்தப்பாவிடம் போனது, சித்தப்பா திரும்பத் திரும்ப அதைப் பிடித்தார் என்று மட்டும் தெரியும். ஒவ்வொரு தடவையும் சுற்றி நின்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். "டேய், நம்ம பிள்ளைங்கடா! ஒண்ணே ஒண்ணு விடேண்டா!" என்று ஒருவர் கெஞ்சினார். இன்னொருவர் துரோகி என்றார். அதற்கு மேல் சொன்னவற்றை இந்த வயதிலும் நான் எழுத மாட்டேன். திடலில் நின்ற இருபத்திரண்டு பேரில் தமிழ் தெரிந்தவர் சித்தப்பா ஒருவர்தான். அத்தனை வசவும் சிந்தாமல் சிதறாமல் அவர் ஒருவருக்கே போய்ச் சேர்ந்தது.

பாதிக்கு மேல் ஆனபோது ஒரு சீனர் ஓடிப்போய் இந்தியாவுக்கு ஒரு கோல் போட்டார். திடலே செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது. இந்தியாவில் ஒரு பையன் விலாவைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான்.

முடியப்போகும் நேரம். ஒல்லியான ஒரு பையன், என்னிடம் பாயசம் வாங்கியவன்தான், எல்லோரையும் தாண்டிக்கொண்டு வந்து வெறுங்காலால் ஓங்கி ஒரு உதை விட்டான். அது உள்ளே போய்விட்டது என்றுதான் எல்லோரும் எழுந்தார்கள். "இடது பக்கம்டா!" என்று என் தலைக்கு மேலே ஒரு கத்தல். சித்தப்பா இடது பக்கம் பாய்ந்து, படுத்தவாக்கில் காற்றில் நீண்டு, விரல் நுனியால் பந்தைக் கம்பத்துக்கு வெளியே தள்ளினார். கத்தியது அப்பா. நாற்காலி பின்னால் விழுந்து கிடக்க, அப்பா எழுந்து நின்று கை தட்டினார். "என் தம்பிடா! நான் வளத்த பய!" என்று பக்கத்திலிருந்த கமிட்டிக்காரரின் தோளைப் போட்டு உலுக்கினார்.

கமிட்டிக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். அப்பா நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார். அந்தச் சத்தம் அத்தனை கூச்சலில் கோல் வரைக்கும் போயிருக்க வழியில்லை. அப்பா குனிந்து என்னைப் பார்த்தார். போய்ச் சொல் என்று சொல்லவில்லை.

அந்த ஒரு கோலில் இந்தியா தோற்றது. மழை பெய்திருந்தால் மழையைத் திட்டியிருப்பார்கள், சித்தி பிழைத்திருப்பாள். முருகன் தேங்காய்க்கு ஆசைப்பட்டு மழையை நிறுத்திவிட்டான். வீடு வந்து சேர்வதற்குள் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். கமிட்டியிலிருந்து இரண்டு பேர் எங்கள் வாசலிலேயே நின்று, உள்ளே கேட்கும்படி, "உங்க தம்பி பெண்டாட்டி நல்லா நெய்யை ஊத்தி ஊத்திப் போட்டுட்டாங்கய்யா. புருஷன் ஆடவே வேண்டியதில்ல, அடுக்களையிலயே ஆட்டம் முடிஞ்சுபோச்சு" என்றார்கள். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். செருப்பைக் கழற்றினார், உள்ளே வந்தார், அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். சித்தி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அதைக் கேட்டபடியே களைந்து முடித்து உலையில் போட்டாள். எனக்கு எல்லாம் தெரியும், ஆனால் யாரும் என்னிடம் எதையும் கொண்டுபோகச் சொல்லவில்லை.

விளக்கேற்றும் நேரத்தில் சித்தப்பா சைக்கிளில் வந்தார். முட்டியெல்லாம் சிராய்ப்பு, சட்டையெல்லாம் புல்கறை. முகத்தில் ஒரு வெளிச்சத்தோடு வந்திருக்க வேண்டியவர், நேரே அடுக்களைக்கு வந்து நின்ற விதமே சரியில்லை. சந்துமுனையில் யாரோ அவரை நிறுத்தி, அது உன் ஆட்டம் இல்லடா, உன் பெண்டாட்டி ஆட்டம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"நெசமாச் சொல்லு" என்றார் சித்தியிடம். "வயிறு முட்டத் தின்னுட்டா வந்தாங்க?"

சித்தி நிமிர்ந்து பார்த்தாள். "யாரு? அவங்களா? நல்லா தின்னாங்களே! இலையில பாதி அப்படியே கிடந்துச்சு. எல்லாத்தையும் அள்ளி நாய்க்குத்தான் போட்டேன். கப்பல்ல வந்த வாய்க்கு என் சமையல் பிடிக்கல போல."

தன் கையால் சமைத்ததை இலையில் விட்டுவிட்டு எழுந்தார்கள் என்று சித்தி சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். சித்தப்பா மூச்சை விட்டார். தோள் இறங்கியது. சிரிப்பு மெதுவாக வந்தது. வெறும் வயித்தோட ஆடியா அந்தப் பந்தை அடிச்சான் அந்த ஒல்லிப் பய என்று கையை நீட்டிக் காட்டினார். சித்தியும் சிரித்தாள். நான் மோதிரத்தையும் கடிகாரத்தையும் எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டே, சந்தோஷத்தில்தான் கேட்டார், "நீதானே பாப்பா பாயசம் ஊத்துன? தொடவே இல்லையாமே?"

சித்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் நன்றாகப் பார்த்தேன். ஆனால் கேட்டது சித்தப்பா, தெரிந்தது எனக்கு. பரிசு வாங்கிய பிள்ளையல்லவா?

"இல்ல சித்தப்பா. எல்லாரும் ரெண்டு தடவை நெய்ச்சோறு வாங்கினாங்க. ஒல்லியா இருந்தாரே, அவரு மூணு தடவை பாயசம் வாங்கினாரு. இலையை வழிச்சு நக்கினாரு. நாய்க்கு எலும்புகூட மிச்சமில்ல." அதோடு விட்டேனா? கண்ணாடிக்காரர் சொன்னது, சித்தி அண்டாவை மூடியது, அப்பா எல்லாத்தையும் போடச் சொன்னது, தாழ்த்திச் சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாக, ஒரு சொல் சிந்தாமல் ஒப்பித்தேன். சித்தியின் மேல் விழுந்த பழியைத் துடைத்துவிட்டேன் என்று மனசுக்குள் ஒரே குளிர்ச்சி.

சித்தப்பா முழுவதையும் கேட்டார். "சரி" என்றார். மோதிரத்தை விரலில் போட்டுக்கொண்டு குழாயடிக்குப் போய்க் கால் கழுவினார். வெகுநேரம் கழுவினார். சித்தி இந்தத் தடவை என்னைக் குட்டவில்லை. ஏன் குட்டவில்லை என்று எனக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கைக்குழந்தைக்கு மாந்தம் வந்து, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரைக் கூப்பிட ஓடிய அவசரத்தில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டார்கள். அதோடு என் உத்தியோகம் போனது. அந்த விருந்தைப் பற்றியும் ஆட்டத்தைப் பற்றியும் இருவரும் வாயே திறக்கவில்லை. அடுத்த வருடம் சித்தப்பா பந்தை விட்டுவிட்டார். பூட்ஸைப் பட்டறையில் ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டார். பிற்காலத்தில் யாராவது, இந்தியாவை நிறுத்தினது நீதானே என்று ஆரம்பித்தால், வெற்றிலை வாங்க வேண்டும் என்று எழுந்து போய்விடுவார்.

அப்பா போனார், சித்தப்பாவும் போனார். பல வருடம் கழித்துக் கிள்ளானில் மகள் வீட்டில் இருந்த சித்தியைப் பார்க்கப் போயிருந்தேன். பேச்சு எப்படியோ அந்தச் சனிக்கிழமைக்கு வந்தது. அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்ததை, கத்தியதை, நான் வளத்த பய என்றதைச் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த சித்தியின் கை நின்றுபோனது.

"இதை ஏண்டி அன்னைக்கே சொல்லல?"

"யாரும் சொல்லச் சொல்லலையே சித்தி. சித்தப்பாவும் கேக்கல."

சித்தி இன்னொரு காம்பை எடுத்து மறுபடி உருவ ஆரம்பித்தாள்.

"எங்கிட்ட ஒரு தடவை கேட்டாரு. அந்தப் பந்தை அண்ணன் பாத்தாராமான்னு. நான் எங்க வந்தேன் திடலுக்கு? பாப்பா அவரு காலடியிலதானே இருந்துச்சு, அதைக் கேளுங்கன்னேன். வேண்டாம்னுட்டாரு."

"ஏன்?"

"உன்னைக் கேட்டா நீ உள்ளதைச் சொல்லிடுவியாம்."